ஆறரை மணி ஸ்டிக்கர்

கோயிலில் மஞ்சள் பட்டால் மங்களம்.
நான் வேலை செய்யும் கடையில்
மஞ்சள் பட்டால் முப்பது சதவீதம் தள்ளுபடி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேல்.
இங்கே துப்பாக்கி என்றால் ஓடுவார்கள்.
என் கையிலிருக்கும் விலைத் துப்பாக்கியைக் கண்டால் மட்டும்
நெருங்கி வருகிறார்கள்,
நெருங்காததுபோல.

தயிர் டப்பாவின் பின்பக்கத்தைப்
பத்து நிமிடமாகப் படிக்கும் லோகநாயகி
தயிர் வாங்கப்போவதில்லை.
மூன்சாமி அங்கிள் கைப்பேசியில் உரக்கப் பேசுகிறார்,
அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.
நடிக்காதவள் நொம்வூலா ஒருத்திதான்.
"எப்போ, சிஸி?"
"ஆறரை."
"மினிபஸ் ஆறு இருபதுக்கே நிறைஞ்சிடும்."
"தெரியும்."

எட்டு வருஷமாக இந்தக் கடையில்.
கண்ணுக்கு நேரே இருப்பது காசுக்கு எதிரே இருப்பது.
குனிந்தவருக்குத்தான் பருப்பு.
நூறு கிராம் என்ன விலை என்பதை
எறும்பு படிக்கட்டும் என்று எழுதி மாட்டியிருக்கிறோம்.
பெரிய பை எப்போதும் மலிவு என்பதும் பொய்;
போன மாதம் பெரிய பை சுகர் பீன்ஸ்
கிலோவுக்கு நாலு ராண்ட் கூட.
அந்த அட்டையை மாட்டியவளும் நான்தான்.

வயிறு நிறைய எது மலிவு,
உடம்பு தேற எது மலிவு,
இரண்டும் ஒரே வரிசையில் இருப்பதில்லை.
நடுவில், வாசலுக்கு நேரே,
மாப்பிள்ளைபோல் உட்கார்ந்திருக்கிறது பிஸ்கட்,
மூன்று பாக்கெட் இருபது ராண்ட்.

லோகநாயகிக்குச் சர்க்கரை.
கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள்,
வழுவழுப்பான தாள், அதில் ரோஜா நிறத்தில் ஒரு மீன்,
கிண்ணம் நிறைய ப்ளூபெரி.
அதைத் திருப்பிப் போட்டு
வெறும் பக்கத்தில் எழுதிவந்திருந்தாள்:

சுகர் பீன்ஸ் ஒரு கிலோ
பில்ச்சர்ட் டின், சின்னது வேண்டாம்
முட்டைக்கோஸ் முழுசு. அரிஞ்சு வச்சது வேண்டாம்
ப்ரௌன் ரொட்டி
சோப்பு
கீரை, விழுந்தால்
பஸ்ஸுக்குப் பதினெட்டு. தொடாதே.

விழுந்தால் என்றால், விலை.

செவ்வாய்க்கிழமை, ஆறு பத்து.
ஆறு கட்டுக் கீரை,
நுனி மட்டும் தலை சாய்த்து.
கண்ணாடி அறையில் மேனேஜர் ப்ரகாசன்.
அவன் விதிகள்:
ஆறரைக்கு முன் மஞ்சள் கிடையாது.
அடிபட்ட சரக்குக்கு நேரம் கிடையாது.

இரண்டாவது விதியை
என் கட்டைவிரல் நகத்தால் நிறைவேற்றினேன்.
கட்டுக்கு ஓர் இலை.
அதிகமில்லை,
குழந்தைக்குத் தடுப்பூசி குத்தும் அளவு.

க்ளிக். க்ளிக். க்ளிக்.

நொம்வூலா மூன்று கட்டு, வீட்டில் ஏழு பேர்.
லோகநாயகி இரண்டு.
மூன்சாமி அங்கிள் தலைகீழ்க் கைப்பேசியிடம்
"அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.
மிச்சமிருந்ததை எடுத்து முகர்ந்தார்.
"அடிபட்டிருக்கே, பொண்ணு."
"அதனாலதான், அங்கிள்."

கல்லாவில் லோகநாயகிக்கு
ஆறு ராண்ட் இடித்தது.
முகம் கணக்குப் போட்டது.
பதினெட்டைத் தொடவில்லை.
கீரையைப் பார்த்தாள், சோப்பைப் பார்த்தாள்,
சோப்பைத் தள்ளி வைத்தாள்.
அதை அதன் அடுக்குக்குத் திரும்பக் கொண்டுபோனேன்.
சோப்புக்கு நான் நகம் கீற முடியாது.

வெளியே மினிபஸ் ஹாரன் அடித்தது.
ஓடுகிறவர்களின் பைகளுக்கு வெளியே
பச்சை ஆடிக்கொண்டே போனது.

நான் ஒட்டிய மஞ்சளை நான் வாங்கக் கூடாது,
அது மூன்றாவது விதி.
முழு விலைக்கு இரண்டு வெங்காயம்,
ஒரு முட்டைக்கோஸ்.
தெருவில் மின்சாரம் போயிருந்தது.
நகத்தில் கீரைக்கறையோடு
இருட்டில் நடந்தேன்.

பரவாயில்லை.
காலையிலேயே பீன்ஸைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.
ஊறுவதற்கு மின்சாரம் வேண்டாம்.